முதல் தீனி

செத்துப்போன அப்பாவின் வலது கைவிரல்களில் செல்லோடேப்பை ஒட்டிப் பட்டென்று பிய்த்தாள் வினோதினி. வெள்ளை மயிர் போல ஏழெட்டு முட்கள் டேப்போடு வந்தன.

“கட்ட வெரலையும் பாரு. வர்றவங்க கையப் புடிப்பாங்க, குத்திடப் போவுது” என்றாள் அம்மா ராணியம்மாள்.

பேராசிரியர் ராமாமிர்தம், விலங்கியல், ஓய்வு. அண்ணாமலை நகர் வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்து மீனும் பவளமும் வளர்த்தார். பவளத்தோடு வந்த கல்லில் உடம்பெல்லாம் முள்ளுள்ள புழுவும் வந்தது. பவளத்தைவிட நன்றாக வளர்ந்தது. நேற்று வெறுங்கையால் ஒன்றைப் பிடித்திருக்கிறார். விடியற்காலை மாரடைப்பு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் இருமுறை சொல்லியும், சொந்தக்காரர்கள் தொட்டியிலிருந்து பத்தடி தள்ளியே உட்கார்ந்தார்கள்.

கடலூரிலிருந்து பேராசிரியர் சுப்பிரமணியன் வந்தார். நண்பரை அரை நிமிடமும் தொட்டியைப் பத்து நிமிடமும் பார்த்தார்.

“பயப்படாதீங்க. பவளத்தத் திங்கிற நெருப்புப் புழு வேற. இது வெறும் மயிர்ப்புழு. மிச்சம் மீதியத் தின்னு தொட்டியச் சுத்தம் பண்ணும். தீனி ஜாஸ்தியானா இதுவும் ஜாஸ்தியாவும்.” குரலை இறக்கினார், கூடம் முழுக்கக் கேட்டது. “போன்ல பொலம்புவாரு. வூட்டம்மா சொன்னா கேக்கல, அள்ளிக் கொட்றாங்கன்னு.”

“புரொபசர் பொண்டாட்டிக்கு இதுகூடத் தெரியலயாக்கும்” என்றாள் அத்தை லோகநாயகி.

“ஆமா, நான்தான் போட்டேன்” என்றாள் அம்மா.

வினோதினிக்கு முகம் சுட்டது. இதற்காகவே போனில் அம்மாவை எத்தனை முறை கடிந்திருக்கிறாள்.

சுடுகாட்டுக்கு ஆதார் கார்டு கேட்டார்கள். அப்பாவின் அறைக்குப் போனாள். மீன் தீனி டப்பாவுக்கு மேலே தினசரி காலண்டர். நேற்றைய தாளில் அப்பாவின் முத்துமுத்தான கையெழுத்து: ‘முதல் தீனி, 6.10.’ அதன் கீழே, ‘முதல் தீனி, 6.45.’ அதற்கும் கீழே, ‘முதல் தீனி, 7.30.’ ராத்திரி எட்டு மணிக்கும் முதல் தீனிதான்.

அம்மா பின்னால் வந்து நின்றாள்.

“எவ்ளோ நாளாம்மா?”

“பொங்கல்லேர்ந்து. போட்டது மறந்துடும். நான்தான் போட்டேன்னு சொன்னா திட்டிட்டு வுட்டுடுவாரு. இல்லன்னா உக்காந்து யோசிக்க ஆரம்பிச்சிடுவாரு. அத பாக்க முடியாது.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“நீ அவரு பொண்ணு. நேரா அவருகிட்டயே போய்க் கேட்டிருப்ப.”

கூடத்தில் சுப்பிரமணியன் இரங்கலுரையைத் தொடங்கிவிட்டார். யாரும் மைக் தரவில்லை. அவருக்குத் தேவைப்படவும் இல்லை. “ஐந்நூறு புழுக்களின் விஞ்ஞானப் பெயர்! ஓர் எழுத்து மறந்ததில்லை! அப்பேர்ப்பட்ட ஞாபகசக்தி! அந்தத் தொட்டியைக்கூட வீட்டில் உள்ளவர்கள் மட்டும் சொன்னபடி கேட்டிருந்தால்...”

வினோதினி விடுவிடுவென்று வெளியே வந்தாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

“சொல்லும்மா” என்றார் அவர்.

அப்பாவின் நெற்றியில் திருநீறு சற்றுக் கோணலாக இருந்தது. குனிந்து அதைச் சரிசெய்தாள்.

“ஒண்ணுமில்ல சார். நீங்க சொன்னது சரிதான். அம்மா கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் போட்டுட்டாங்க.”

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

உள்ளே காலண்டர் தாள் கிழிபடும் சத்தம் கேட்டது.