இப்ப இல்ல

அண்ணனின் பையை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டான். உடலைத் தர மணி நாலாகும் என்றார் பிணவறை எழுத்தர். அப்போது பதினொன்றுதான். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் ஐந்து மணி நேரத்தை எப்படி ஓட்டுவது?

பைக்குள் ஸ்பேனர்கள், துவைக்காத சட்டை, ஒரு பீர்க்கடையின் பெயர் போட்ட, கிளாஸுக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டை. விசாரித்தால் கடை இரண்டு தெரு தள்ளித்தான் என்றார்கள்.

அண்ணனும் அவனும் லாரி எடை மேடை மெக்கானிக்குகள். பத்து வருடம் ஊர் ஊராகச் சேர்ந்தே அலைந்தார்கள். வேலை முடிந்ததும் அந்தந்த ஊரில் காய்ச்சும் பீரை ஒரு வாய் பார்க்காமல் அண்ணன் கிளம்பமாட்டார். முதல் மடக்கு அவருக்கு. எப்படி இருக்கிறதென்று தீர்ப்புச் சொல்வது தம்பி. ஒருநாள் வாடிக்கையாளர் முன்னால், "இவன் சும்மா எடுபிடி" என்று சொல்லிவிட்டார். அத்தோடு சரி. இரண்டு வருடமாக அண்ணனின் போனை அவன் எடுக்கவில்லை. அண்ணன் விடாமல் அடித்துக்கொண்டுதான் இருந்தார். மூன்று மாதத்துக்கு முன் அதுவும் நின்றுபோனது. தன்னைத் தலைமுழுகிவிட்டாரா, அது மட்டும் தெரிந்தால் போதும் அவனுக்கு.

கடையில் ஈ காக்கை இல்லை. காய்ச்சுகிறவரே ஊற்றியும் கொடுத்தார். போனில் அண்ணன் படத்தைக் காட்டி, நேற்று மாரடைப்பு என்றான். அவர் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு, கேட்காமலே ஒரு கிளாஸ் பேல் ஏல் பீர் ஊற்றி நகர்த்தினார். ஆரஞ்சுத் தோலைக் கீறிய வாசம். முதலில் லேசாக இனித்து, பிறகு அடித்தொண்டையில் கசப்பு நின்றது. நல்ல சரக்கு. சொல்லத்தான் ஆள் இல்லை.

"போன மாசம்தான் முதல்ல வந்தார். எப்படி இருக்குன்னு கேட்டேன். அதெல்லாம் என் தம்பிதான் சொல்வான், அவன் இப்ப இல்லன்னார். கண்ணு கலங்கிடுச்சு. ஐயோ பாவம், எப்படிப் போனார்னு கேட்டேன். எல்லாம் என் வாயாலதான்னார். அன்னிக்கு அந்தத் தம்பிக்காக நானும் ஒரு கிளாஸ் குடிச்சேன்."

கூட இல்லை என்பதைத்தான் அண்ணன் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

"ஆமா, நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"கூட வேலை பாத்தவன்."

"அப்ப அந்தத் தம்பியத் தெரியுமா?"

"தெரியும். போன் பண்ணா எடுக்கமாட்டான்."

கிளாஸில் மிச்சமிருந்த நுரை அடங்கும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.