உள்பக்கத் தாழ்ப்பாள்

வேனிலிருந்து இறங்கிய புதுப் பெண்களில் கடைசிப் பெண்ணைப் பார்த்ததும் சமையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொந்த அக்கா மகள்! அந்தப் பைத்தியமோ "சித்தி!" என்று பல்லெல்லாம் தெரிய ஓடிவந்து கட்டிக்கொண்டது.

"எவன்டி உன்னை இங்க வரச் சொன்னான்?"

"நீதான் சித்தி. நல்ல வேலை, நல்ல சாப்பாடு, ஒரு குறையும் இல்லன்னு வாராவாரம் போன்ல சொல்லுவியே! ஏஜென்ட் வந்தப்போ அம்மா ஒரு கேள்விகூடக் கேக்கல."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது சமையல்காரிக்கு. அந்தத் தையல் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்குப் பேசலாம். சூப்பர்வைசர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பான். அழுதால் போன் கட், அப்புறம் உதை. சமையல்காரி சமர்த்து, ஒருநாளும் அழுததில்லை. அந்தச் சூப்பர்வைசரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். அண்ணனாம், பெரிய அண்ணன்! எந்த அண்ணன் தங்கச்சிகளை அறைக்குள் தள்ளி வெளியே பூட்டுப் போடுவான்?

அதிகாரிகள் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று புதுசுகளுக்குப் பாடம் நடத்துவதும் சமையல்காரி தலையில்தான். "சொந்த விருப்பத்துல வந்தோம், ஒரு குறையும் இல்லைன்னு சொல்லணும். மாத்திச் சொன்னா தோலை உரிச்சிருவான்." அக்கா மகள் வாயைப் பிளந்தபடி கேட்டாள்.

"அப்ப போன்ல சொன்னதெல்லாம்?"

சமையல்காரி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பெண் அவள் காலடியில் துப்பிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் சித்தி என்ற பேச்சே இல்லை.

ஒரு வாரம் ஆகியிருக்காது, யாரோ புகார் கொடுத்து அதிகாரியம்மா போலீசோடு வாசலில் வந்து நின்றாள். அவள் உள்ளே வருவதற்குள் சூப்பர்வைசர் அவசரமாகப் பூட்டைக் கழற்றி பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டு, அறைக் கதவை அகலத் திறந்து வைத்தான்.

"எல்லாம் என் தங்கச்சிங்க மாதிரிம்மா. வயசுப் பொண்ணுங்களாச்சே, பயந்துக்கிட்டு அவங்களே உள்ள தாழ் போட்டுப் படுத்துக்குவாங்க."

அதிகாரியம்மா ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். ஒவ்வொருத்தியும் பாடத்தை ஒப்பித்தாள். அக்கா மகளின் முறை வந்தது. அவள் சமையல்காரியை எரித்துவிடுவது போலப் பார்த்துக்கொண்டே, "ஒரு குறையும் இல்லைம்மா" என்றாள். போனில் சமையல்காரி சொல்வாளே, அதே இழுப்பு, அதே சிரிப்பு.

சமையல்காரி தன்னையே திட்டிக்கொண்டாள். அடிப்பாவி, இதையா இந்தக் குழந்தைக்குக் கற்றுக்கொடுத்தேன்! அதிகாரியம்மா திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டாள். இப்போது விட்டால் இந்தப் பெண்ணும் இங்கேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

"அம்மா! அந்த அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தித் தாழ் போடுங்க."

"அது ஒரு கிறுக்கும்மா, கண்டுக்காதீங்க" என்றான் சூப்பர்வைசர்.

அதிகாரியம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவள் கை மேலும் கீழும் தடவுகிற சத்தம் வெளியே கேட்டது. உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தால்தானே! கொண்டி வெளிப்பக்கம் மட்டும்தான். கதவைத் திறந்தபோது அவள் முகமே மாறியிருந்தது.

"பூட்டு எங்க?"

"அவன் பேன்ட் பையில பாருங்க" என்றாள் சமையல்காரி. சொல்லி முடிக்கும் முன்னே சூப்பர்வைசர் அவளை ஓங்கி அறைந்தான். போலீஸ்காரர் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

எல்லோரையும் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். அதிகாரியம்மா தன் போனைக் கொடுத்தாள். சமையல்காரி ஊருக்குப் போட்டு, "அக்கா, நான்தான்" என்றாள். எதிர் இருக்கையில் அக்கா மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, அதிசயமா இன்னைக்குப் போன்! ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களா?"

ஒரு குறையும் இல்லை என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சமையல்காரி கடித்து விழுங்கினாள்.

"இல்லக்கா. நல்லா இல்ல. இத்தனை நாளும் நான் சொன்னது அத்தனையும் பொய்."

அக்கா சிரித்தாள். "போடி, விளையாடாத. நீயாவது, என்கிட்ட பொய் சொல்றதாவது!"

சமையல்காரி ஓவென்று அழுதாள். போனை யாரும் கட் பண்ணவில்லை. அக்கா மகள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.