அண்ணனைப் பற்றி மூன்று நிமிடம்

...இல்லை, இதுவும் சரியில்லை, அழித்துவிட்டு மறுபடி பதிய வேண்டியதுதான், பதினோராவது தடவை, ஆறு மணிக்குள் அனுப்பாவிட்டால் மதிப்பெண் கிடையாது என்று கோகிலாம்பாள் மேடம் கறாராகச் சொல்லிவிட்டார், குடும்பத்தைப் பற்றி மூன்று நிமிடம், ஸ்பானிஷில், தாளைப் பார்க்காமல். அப்பா வரைக்கும் தண்ணீர் பட்ட பாடு, அம்மா மாரிக்கனியும் தடங்கலில்லாமல் வந்துவிடுகிறாள், 'மி எர்மானோ காளீஸ்வரன்', என் அண்ணன் காளீஸ்வரன், என்றதும் பாண்டீஸ்வரிக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எதற்கு அன்றைக்கு அப்படிச் சொன்னாள்? மதுரையில் கல்லூரி சேர்ந்த முதல் வாரம், அண்ணன் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை, கூடப் பிறந்தவர்கள் யார் என்று மேடம் கேட்க, ஓர் அண்ணன், லாரி ஓட்டுகிறான் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது... பிறகு நிறுத்த முடிந்ததா? ஒன்றரை வருசமாக வீட்டுப்பாடம் முழுக்க அவன் சாப்பிட்டான், தூங்கினான், பச்சைச் சட்டை வாங்கினான், அம்மாவோடு சண்டை போட்டான். பந்தல்குடி விலக்கில் கவிழ்ந்த லாரி அந்த மொழியில் மட்டும் கவிழவே இல்லை.

இந்த வீட்டிலோ அவன் பெயரே கிடையாது, காரியம் முடிந்த மறுநாளிலிருந்து யாரும் வாயெடுப்பதில்லை, தெருமுனை காளீஸ்வரன் டீக்கடையை அம்மா 'மூலக்கடை' ஆக்கிவிட்டாள், அப்பாவும் அதையே பிடித்துக்கொண்டார். அவன் பெயரைச் சொல்ல மிச்சமிருந்தது அந்த வகுப்பு ஒன்றுதான், பாவி, அதையும் கெடுத்துக்கொண்டாள்... அடுத்த வாரம் உன் அண்ணனை வீடியோவில் வரச் சொல், எல்லோரும் அவனுக்குக் கேள்வி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று மேடம் சிரித்தபோதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்காவது சொல்லித் தொலைக்க வேண்டும், அவனை இன்னொரு தடவை அனுப்பிவைக்க வேண்டும், தன் வாயாலேயே, பயமாக இருக்கிறது. மொட்டைமாடியில்தான் சிக்னல், காயப்போட்ட மல்லியின் வாசம் மூக்கில் ஏறுகிறது, போனின் பதிவுப் பொத்தானில் விரலை வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள், மி எர்மானோ காளீஸ்வரன் முரியோ, என் அண்ணன் காளீஸ்வரன் செத்துப்போனான், சொல்லிவிட்டாள், அப்பாடா, எவ்வளவு சின்ன வாக்கியம், கண்ணைத் திறந்தால் மாடிப்படியில் அம்மா.

"அவன் பேரத்தான சொன்ன?"

"பாடம்மா."

"என்ன செய்யுறான்னு சொன்ன?"

செத்துப்போனான் என்று தமிழில் வரவில்லை. "லோடு ஏத்திக்கிட்டுத் தூத்துக்குடி போயிருக்கான்னு சொன்னேன்" என்றது வாய், அதே பழைய வாய்.

"இன்னொருக்க சொல்லு, தாயி."

சொன்னாள், வேறு என்ன செய்ய, காளீஸ்வரன் முரியோ, பெற்றவள் முகத்துக்கு நேராக. பெயர் வந்த இடத்தில் அம்மாவின் தலை மெல்ல அசைந்தது, பிறகு காலாலேயே மல்லியைத் துழாவிவிட்டபடி, "எப்பத் திரும்புறானாம்?" என்றாள். நம்பிவிட்டாளா, குளிப்பாட்டிக் கிடத்தியவள் எப்படி நம்புவாள், புத்தி பிசகிவிட்டதா... இல்லை, நம்பிக் கேட்கிற குரல் இல்லை இது, பாண்டீஸ்வரிக்கு இந்தக் குரல் நன்றாகப் பழக்கம், வகுப்பில் எழுந்து நின்று அண்ணன் நேற்றுச் சட்டை வாங்கினான் என்று சொல்லும்போது தனக்கே வரும் குரல். அம்மா துழாவுவதை நிறுத்திவிட்டுப் பதிலுக்காக நின்றாள்.