இருபக்கமும் திறக்கும் பூட்டு

1

காதல் கதை ஒன்று தருகிறேன் என்று பத்திரிகை ஆசிரியரிடம் வாயை விட்டுவிட்டேன். கையில் இருந்ததோ ஒரு கதவு மட்டும். தெருக்கோடியில் பார்த்தது, தாழ்ப்பாள் கழற்றிய துளைகள், பக்கத்தில் பளபளவென்று புதுப் பூட்டு. அந்தக் கதவுக்காக ஆட்களைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

2

அந்தச் சின்ன ஊரின் மேல் மாலை வெயில் மெல்லச் சாய்ந்து... (வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

பூட்டுக்காரர் ஒருவர். பக்கத்து வீட்டில், பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒரு பெண். குடிவந்த புதிதில் வாய்க்கு வாய் "அண்ணே" என்றாள். ஒருநாள் அது நின்றுபோனது. பதிலாக வேறு முறை எதுவும் வரவில்லை; "இங்க பாருங்க" என்று மொட்டையாகக் கூப்பிட்டாள். பூட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவுக்குப் புரிந்துவிட்டது.

3

இருவருக்கும் பழைய காயம் ஒன்று கொடுக்க வேண்டும். (இல்லாவிட்டால் அடுத்த பத்தியிலேயே கல்யாணம் ஆகிவிடும்.)

அவள் புருஷன், வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனவன். அவனை விட்டு வந்தபின், வெளியே போனால் கதவைச் சாத்துவதோடு சரி, பூட்டுவதே இல்லை. உள்ளே இருந்தால் தாழ்ப்பாள். அவளே போடுவது, அவளே திறப்பது.

பூட்டுக்காரரின் மனைவி குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வழுக்கி விழுந்தாள். அவர் அப்போது ஊரின் மறுகோடியில் யாருக்கோ கதவு திறந்துகொண்டிருந்தார். வந்து உடைத்தபோது உயிர் இல்லை. அன்றிலிருந்து தன் வீட்டில் ஒரு தாழ்ப்பாளைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

4

ஆகவே அவள் வேனில் போயிருந்த நேரம், ஆசை ஆசையாக அவள் வீட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, இருபக்கமும் சாவியால் திறக்கும் பூட்டைப் பொருத்தினார். (தடுத்திருக்கலாம். எழுதுகிறவன் நான்தானே. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.)

அவள் வந்தாள்.

"இதை யாரு பண்ணச் சொன்னா?"

"நீங்க உள்ள விழுந்து கிடந்தா யாரு வந்து தொறக்கிறது? ஒரு சாவி உங்ககிட்ட. இன்னொண்ணு என்கிட்ட இருக்கட்டும், அவசரத்துக்கு."

அவள் கையை நீட்டினாள்.

"ரெண்டையும் குடுங்கண்ணே."

பூட்டுக்காரர் இடிந்துபோனார். சாவிகளைக் கொடுத்தார்.

5

முதல் முடிவு: அவர் மன்னிப்புக் கேட்க, அவள் சிரித்து... (அடித்துவிட்டேன். இவள் சிரிக்க மாட்டாள்.)

இரண்டாவது: சாவிகளைச் சாக்கடையில் வீசிவிட்டு வீட்டைக் காலிசெய்கிறாள். (ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்கு மனசு வரவில்லை.)

மூன்றாவது, என்னைக் கேட்காமல் அவளே செய்தது:

"உங்க பைய இங்க வச்சிட்டு உள்ள போங்க."

"எதுக்கு?"

"நான் வெளிய பூட்டுறேன். எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியணும்."

பையில் இருந்த கருவிகளுக்கு இந்தப் பூட்டெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். சாவி திரும்பியது. மனைவி கிடந்த கோலம் கண்முன் வந்து நின்றது. கதவைத் தட்டக் கை எழுந்தது. தட்டவில்லை.

"நான் இங்கதான் நிக்கிறேன்" என்றார்.

வெளியே சத்தமே இல்லை.

6

அவள் வாசலிலேயே நிற்கிறாளா, போய்விட்டாளா, திறப்பாளா? உங்களுக்குத் தோன்றுவதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்னால், அந்தக் கதவுக்கு இன்னொரு சாவி என்னிடம் இருக்கிறது என்று ஆகிவிடும். அவள் கதவுக்கு அப்படி ஒன்றை நான் வைத்திருக்கக் கூடாது.