ஒட்டிக்கொண்டிருந்த ‘ங்க’

கல்யாணத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவானதும் வெல்டரின் மனைவி ஒரே ஒரு சட்டம் போட்டாள். வெளியாள் ஒருவர்கூடக் கூடாது. சமைப்பது, பரிமாறுவது, படம் எடுப்பது, பந்தல் போடுவது எல்லாமே சொந்தக்காரர்கள்தான். சும்மா வந்து கை நனைத்துவிட்டு, உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போகும் சொந்தக்காரர்களை அவள் நிறையப் பார்த்தவள். இந்த முறை ஒருவர் விடாமல் வேலை வாங்குவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

வயல்களுக்கு நடுவே தனியாக இருந்த வீடு அது. பக்கவாட்டில் வெல்டரின் பட்டறை. அங்கிருந்த கேட்டுகளையும் ஜன்னல் கம்பிகளையும் ஒரு மூலைக்குத் தள்ளி, தரையைத் தேய்த்துக் கழுவி, சமையற்கட்டாக்கினார்கள். மனைவியின் தங்கை அண்டாக்களுக்கு அதிகாரி. தங்கையின் கணவர் கையில் கேமரா. அவர் எடுக்கும் படங்களில் யாருக்கும் தலை இருக்காது என்பது குடும்பத்துக்கே தெரியும்; மனிதர் ஆசைப்பட்டுவிட்டார், என்ன செய்வது. நாற்காலிகளை அக்கம்பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கியிருந்தார்கள். ஒன்றின் உயரம் இன்னொன்றுக்கு இல்லை.

பந்தல் வெல்டருடைய பொறுப்பு. இரும்புக் குழாய்களை அறுத்துப் பற்றவைத்து முற்றத்தில் நாட்டி, பச்சைப் பெயிண்டும் அடித்துவிட்டார். மனைவியின் அண்ணன் ஒவ்வொரு காலையும் தட்டிப் பார்த்து, யானை ஏறினாலும் தாங்கும் என்று சான்றிதழ் கொடுத்தார். ஒரு நாள் கூத்துக்கு எதற்கு இத்தனை இரும்பு என்று கேட்டவர்களும் உண்டு. பிரியாதபடி ஒட்டுவது ஒன்றுதான் வெல்டருக்குத் தெரிந்த வேலை. கட்டுவதை அவர் வேலையாகவே மதித்ததில்லை. அதனால் மேலே விரித்த தார்ப்பாயை மட்டும் ஏனோதானோவென்று நாலு முடிச்சில் கட்டிவிட்டு இறங்கிவிட்டார்.

மணப்பெண் அவர் பெற்ற மகள் இல்லை, மனைவியின் மகள். முதல் கணவர் இறந்து சில வருடங்கள் கழித்து வெல்டரை அவள் கட்டிக்கொண்டபோது பெண்ணுக்கு எட்டு வயது. அப்பா என்று கூப்பிடச் சொல்லித் தாய் மிரட்டிப் பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். விடு, தானாக வரட்டும் என்று வெல்டர்தான் தடுத்தார். தானாக வரவில்லை. அப்பாவும் வரவில்லை, சித்தப்பாவும் வரவில்லை. எந்த முறையும் சொல்லாமல் ஒரு மனிதரோடு பதினாறு வருடம் ஒரே வீட்டில் காலம் தள்ள முடியும் என்று அந்தப் பெண் காட்டிவிட்டாள். அதற்கு அவளுக்குக் கைகொடுத்தது ‘ங்க’. வாங்க, சாப்பிடுங்க, இங்க கொஞ்சம் வரீங்களா. யாராவது தேடி வந்தால், அவங்க பட்டறையில இருக்காங்க. பட்டறைக்கு வந்தால் கூப்பிடவே மாட்டாள். அவராக முகமூடியைத் தூக்கிப் பார்க்கும்வரை தலையைத் திருப்பிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

அம்மாவுக்கு ‘நீ’, சித்திக்கு ‘நீ’. கோபம் வந்தால் சித்திக்கு ‘போடி’யும் உண்டு. இறந்துபோன அப்பாவையும் வா, போ என்றுதான் பேசுவாளாம். மனைவி ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து அந்த ‘ங்க’ வெல்டரை உறுத்த ஆரம்பித்தது. பெண் அவருக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. வேலை முடிந்து கண் எரிகிறது என்றால் கேட்காமலே மருந்து எடுத்து வருவாள். தலையைச் சாய்ச்சுக்கோங்க என்பாள். மரியாதை கொடுக்கிறாள் என்று யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

வேடிக்கை என்னவென்றால் இந்தச் சம்பந்தமே அந்த மரியாதையால் வந்ததுதான். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். அவன் அம்மா டீச்சர். பெண் பார்க்க வந்த அன்று, பெண் வெல்டரிடம் பேசுகிற விதத்தைப் பார்த்து டீச்சர் பூரித்துப்போனார்.

“பெத்த அப்பாவையே வா போன்னு பேசுற காலம் இது. இந்தப் பொண்ணு எவ்வளவு மரியாதையா நடந்துக்குது பாருங்க. வளர்ப்புன்னா இதுதான்.”

வெல்டர் சிரித்த முகமாகத் தலையாட்டினார். உள்ளே எரிந்தது. அவர் வளர்த்ததில் தோற்றுப்போன இடத்துக்குத்தான் அந்த அம்மாள் மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, வாசலிலிருந்து பந்தல்வரை பெண்ணை யார் அழைத்துவருவது என்று பேச்சு வந்தது. மனைவியின் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானார். மனைவி வெல்டரைக் கைகாட்டினாள். எல்லாரும் பெண்ணைப் பார்த்தார்கள்.

“அவங்களுக்குச் சிரமம் இல்லன்னா வரட்டும்” என்றாள் பெண்.

சிரமம் இல்லை என்றார் வெல்டர். எல்லாரும் எழுந்து போனபிறகு மனைவியிடம் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டார். இந்த வீட்டைவிட்டுப் போவதற்குள் ஒரே ஒரு தடவை அவள் தன்னை ‘நீ’ என்று சொல்லிக் கேட்க வேண்டும். நாளைக்கு அந்த வீட்டுக்காரியாகிவிட்டால் அப்புறம் எப்போதாவது வந்து போகிறவள். வந்து போகிற இடத்தில் எல்லாருமே ‘ங்க’தான். மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஊரே மரியாதை கிடைக்காமல் அலைகிறது, உங்களுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள் என்றாள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு, இதைப் போய் எப்படி அவளிடம் சொல்வது என்று கேட்டாள். சொல்லக்கூடாது, சொல்லி வந்தால் அதில் என்ன இருக்கிறது என்றார் வெல்டர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டையில் வெல்டர் பெண்ணை அழைத்துவந்தார். சட்டைக் கையை அவள் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில், கொஞ்சம் மெதுவா போங்க என்றாள். சரிம்மா என்று நடையைக் குறைத்தார். நடந்தது அவ்வளவுதான். பந்தலில் அவளை விட்டுவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தபோது, இனி நடக்காது என்று அவருக்குத் தீர்மானமாகிவிட்டது.

சடங்கு என்று பெரிதாக எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். மாப்பிள்ளை தடுமாறாமல் சொல்லி முடித்தான். பெண் ஆரம்பிக்கும் நேரத்தில் வயல் பக்கமிருந்து காற்று கிளம்பியது. இரும்பு இம்மியும் அசையவில்லை. நாலு முடிச்சில் ஒன்றுதான் கழன்றது. தார்ப்பாயின் ஒரு முனை எழும்பி, மணமக்களின் தலைக்குமேல் படார் படார் என்று அடித்தது.

வெல்டருக்கு மானம் போயிற்று. யாரும் தடுப்பதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பத்தில் ஏறினார். குறுக்குக் குழாயில் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு, பறக்கிற கயிற்றுக்கு ஒரு கையை நீட்டினார். பெயிண்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை. சட்டை பச்சையானது. கால் ஒருமுறை வழுக்கி அந்தரத்தில் ஆடியது.

பெண் மாப்பிள்ளையின் கையை உதறிவிட்டு ஓடிவந்து கீழே நின்றாள்.

“இறங்கு” என்றாள். “உனக்கு அறிவிருக்கா? இந்த வயசுல எதுக்கு இந்தக் குரங்கு வேலை? தார்ப்பாய் போனா போகுது. நீ விழுந்து கை காலை ஒடச்சுக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்? இறங்கு மொதல்ல.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. சம்பந்தி முன்னால் என்ன பேச்சு இது என்று மகளின் தோளில் ஒரு இடி இடித்தாள். பெண்ணுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, பழைய குரலில், “பாத்து இறங்குங்க” என்றாள்.

வெல்டர் இறங்கவில்லை. கயிறு கைக்கு வந்து முடிச்சும் போட்டாகிவிட்டது. இனி அங்கே அவருக்கு ஒரு ஜோலியும் கிடையாது. ஆனாலும் குழாயைக் கட்டிக்கொண்டு படுத்தே இருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. காற்றில் தூசி விழுந்திருக்கும் என்று கீழே இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை, இறங்குங்க மாமா என்றான். டீச்சர், இறங்குங்க சம்பந்தி என்றார். மனைவியின் அண்ணன் ஏணி கொண்டுவரட்டுமா என்று கேட்டார். எதுவும் காதில் விழாதவர்போல் வெல்டர் பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளும் அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்தபோது அவள் முகம் கோணிற்று. அழப்போகிறாளா, சிரிக்கப்போகிறாளா என்று பக்கத்தில் நின்ற தாய்க்கே தெரியவில்லை.

“இறங்குப்பா” என்றாள்.

அந்தப் ‘ப்பா’ எந்தப் ‘ப்பா’ என்று கேட்டால் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பால்காரரிடமும் அப்படிச் சொல்லலாம், பஸ் கண்டக்டரிடமும் சொல்லலாம். வெல்டர் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. இறங்கினார்.