அம்மன் படம் போட்ட ரசீது

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? உடம்பு சுகம்தானே? இந்த வெயிலுக்குத் தண்ணீர் நிறையக் குடியுங்கள். தாகம் எடுத்தால் செம்பைத் தூக்கிக் கடகடவென்று குடிக்க முடிகிறதே, அதுவே பெரிய வரம். ரஞ்சிதாவின் வீட்டுக்காரன் கலையரசனுக்கு அந்த வரம் இல்லாமல் போனது. அவர்கள் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

மேச்சேரியைத் தாண்டிப் போனால் நொச்சிமேடு என்று ஒரு சின்னப் பேரூராட்சி. கலையரசன் அந்த ஊர்க் காலனிக்காரன். போர் போடுகிற ரிக் வண்டியில் ஏறி ஆந்திரா, ஒடிசா என்று அவன் போகாத இடமில்லை. எத்தனையோ பேர் காட்டில் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வைத்தவன். அவனுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று டாக்டர் அளவு சொல்லிவிட்டார். ரஞ்சிதா காலையில் ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி வைப்பாள். அன்றைக்குப் பூராவும் அதுதான்.

“ஊருக்கெல்லாந் தண்ணி எடுத்துக் குடுத்தேன். எனக்கு நீ ரேசன் போட்டுட்டியே புள்ள” என்று சிரிப்பான். சிரித்துவிட்டு மூடியைத் திறந்து உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வான்.

வாரத்துக்கு மூன்று தடவை சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போய், மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். விடிவதற்குள் கிளம்பினால்தான் முறை கிடைக்கும். போகும்போதாவது பரவாயில்லை. திரும்பி வரும்போது துவைத்துப் பிழிந்த துணி மாதிரி ரஞ்சிதாவின் தோளில் கிடப்பான். ஓமலூர் வருவதற்குள் வாந்தி வந்துவிடும். அவள் மடியில் எப்போதும் ஒரு பாலிதீன் பை இருக்கும்.

“இந்தப் பஸ்ஸுதான் என்னையக் கொல்லப் போகுது ரஞ்சி. கிட்னி இல்ல” என்று ஒரு நாள் சொன்னான். அந்தப் பேச்சு அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றுவிட்டது.

ரஞ்சிதா சும்மா இருக்கிற பெண் இல்லை. காலனி வார்டு கவுன்சிலர். அந்த வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, பத்தாவது படித்தவள் என்று தெருவே சேர்ந்து நிற்க வைத்து ஜெயிக்க வைத்தது. உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா தமிழினி ஒரு நாள் அவளைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“ரஞ்சிதாக்கா, நம்ம ஆஸ்பத்திரிக்கு ரெண்டு டயாலிசிஸ் மெஷின் தரேன்னு சொல்லியிருக்காங்க. பழைய எக்ஸ்ரே ரூமைச் சரிபண்ணி, தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்டும் ஜெனரேட்டரும் போடணும். செலவுல ஊர் ஒரு பங்கு கட்டினா மீதியைப் பேரூராட்சியும் அரசாங்கமும் போட்டுரும். மார்ச்சுக்குள்ள கட்டணும். இல்லைன்னா மெஷின் வேற ஊருக்குப் போயிரும்க்கா.”

ரஞ்சிதா அன்றைக்கே பேரூராட்சித் தலைவர் ஜீவானந்தத்திடம் போய் நின்றாள். லாரி வைத்துச் சம்பாதித்தவர். நல்ல வாய். யாரையும் முகம் கோணவிடாமல் பேசுவார். வேலைதான் நடக்காது. ஆனால் இந்தத் தடவை மன்றக் கூட்டத்தையே கூட்டிவிட்டார். பெண் கவுன்சிலர்களுக்குப் பின்னால் அவரவர் வீட்டுக்காரர் உட்கார்ந்துகொண்டு, எப்போது கையைத் தூக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“உங்கூட்டுக்காரரு வரலீங்களா?” என்று ஒருத்தர் ரஞ்சிதாவைக் கேட்டார்.

“மெஷினுக்குப் போயிருக்காருங்க. அவரு இங்க வந்து உக்காரோணும்னுதானுங்க இந்தத் தீர்மானமே” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. டீயும் பஜ்ஜியும் வந்தன.

இதுவரைக்கும் நல்லதுதான் நடந்தது. வசூலுக்கு ரசீது புத்தகம் வேண்டுமே என்று ஒருத்தர் கேட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கோயில் கமிட்டித் தலைவர் தீர்த்தகிரி, “புதுசா எதுக்கு அடிக்கோணும்? போன நோம்பிக்கு அடிச்ச ரசீது கட்டுக் கட்டாக் கெடக்குது. அதுலயே போட்டுடலாம். சனமும் மறுபேச்சுப் பேசாமக் குடுக்கும்” என்றார். மாரியம்மன் படம் போட்டு, கீழே ‘தலைக்கட்டு வரி’ என்று அச்சடித்த ரசீது. கோயில் நோம்பி, அதுதான் திருவிழா, சாட்டினால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வீடு வீடாக வாங்குவார்களே, அந்த வரிக்கானது.

அவர் சொன்னதும் சரியாகத்தான் போனது. ஆஸ்பத்திரிக்கு என்றால் ஆயிரம் கேள்வி கேட்கிற சனம், அம்மன் படத்தைப் பார்த்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்தது. ரசீதை வாங்கிக் கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்கள். ரஞ்சிதாவுக்கு வாயெல்லாம் பல். “மாமா, ஆடிக்குள்ள நீங்க நடந்தே போய் மெஷின்ல படுத்துட்டு, நடந்தே ஊட்டுக்கு வந்தர்லாம்” என்று புருஷனிடம் சொன்னாள். அவன் அன்றைக்குப் பாட்டிலில் இரண்டு வாய் கூடக் கேட்டு வாங்கிக் குடித்தான்.

வசூல்காரர்கள் எல்லாத் தெருவுக்கும் போனார்கள். காலனி முக்கில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் ரஞ்சிதா நினைத்தாள். தெருப் பெரியவர் கந்தன் வீடு வீடாக ஏறி வாங்கினார். ஆடு விற்றுக் கொடுத்தவர்கள் உண்டு. அதை மஞ்சப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பேரூராட்சி ஆபீசுக்குப் போனார்கள். தலைவரும் தீர்த்தகிரியும் உட்கார்ந்திருந்தார்கள். ரஞ்சிதா பையை மேஜைமேல் வைத்தாள். தீர்த்தகிரி பார்த்தார். தொடவில்லை.

“இதென்ன அம்மணி?”

“எங்க தெருப் பங்குங்க. ஒரு ஊடு உடலீங்க. ரசீது போட்டுக் குடுத்துருங்க.”

“உங்க தெருவுல வாங்கற வழக்கமில்லையே.”

“அது கோயிலுக்குங்க. இது ஆஸ்பத்திரிக்குத்தானுங்களே?”

“ஆஸ்பத்திரிக்குத்தான். ரசீது கோயிலுதாச்சே.”

பின்னால் நின்ற கந்தனுக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க, ஆஸ்பத்திரியில ஊசி மட்டும் எல்லாத்துக்கும் ஒரே ஊசிதானுங்க குத்தறாங்க?” என்றார்.

“கந்தா, நீ சித்த சும்மா இரு” என்றார் தீர்த்தகிரி. கந்தனுக்கோ தீர்த்தகிரியின் அப்பா வயது. “இன்னைக்கு இந்த ரசீதை வாங்கிட்டுப் போவீங்க. நாளைக்கு நோம்பியில கொண்டாந்து நீட்டி, நாங்களும் வரி கட்டியிருக்கறோம், தேரை எங்க தெருவுக்கு ஓட்டுன்னு நிப்பீங்க. கோர்ட்டுக்குப் போவீங்க. எனக்குத் தெரியாதா?”

“அப்ப வேற ரசீது அடிச்சிருங்க. மேச்சேரியில பிரஸ் இருக்குது. செலவை நாங் குடுக்கறேன்” என்றாள் ரஞ்சிதா.

ஜீவானந்தம் சிரித்த முகமாகவே சொன்னார்: “ஊருக்கு ஒரு ரசீது, காலனிக்கு ஒரு ரசீதுன்னு பேரூராட்சியே அடிச்சா என்ற மேல கேஸு வந்துரும் அம்மணி. அப்படிப் பிரிச்சுப் பாக்கறது தப்பில்லீங்களா?”

கேட்டீர்களா நியாயத்தை!

“அப்ப எல்லாத்துக்குமே புதுசா அடிங்க.”

“அம்மன் பேர்ல குடுத்த ரசீதைத் திருப்பி வாங்கிக் கிழிக்கச் சொல்றியா? ஊருக்கு ஆகாது” என்றார் தீர்த்தகிரி.

கடைசியில் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு உண்டியல் வைப்பது. காலனிக்காரர்கள் அதில் போட்டுவிட வேண்டியது. ரசீதும் வேண்டாம், பேரும் வேண்டாம்.

தெருவில் அதைச் சொன்னபோது கந்தன் துண்டை உதறித் தோளில் போட்டார். “ஊர்க்காரனுக்கு ரசீது, நமக்கு உண்டியலா? பிச்சை போடறதுக்குக்கூட ஒளிஞ்சு போடோணுமா? முடியாது சாமி.” தெரு மொத்தமும் அதுதான் சரி என்றது. ரஞ்சிதாவுக்கும் சரி என்றுதான் பட்டது. ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள், கயிற்றுக் கட்டிலில் கிடந்த கலையரசன் எழுந்து உட்கார்ந்தான். கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன.

“பெரியப்பா, நீங்க சொல்றது நாயந்தான். ஆனா என்னால பஸ்ஸுல போக முடியல. போட்டுருங்க பெரியப்பா. எனக்காகப் போட்டுருங்க” என்றான்.

கந்தன் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, நோட்டை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே தள்ளினார். அவர் முகத்தைப் பார்க்க ரஞ்சிதாவால் முடியவில்லை.

இதோடு முடிந்திருக்க வேண்டும் இல்லையா? உண்டியலைத் திறந்து எண்ணிக் கணக்கில் சேர்க்க மன்றம் கூட வேண்டும் என்றார்கள். தீர்த்தகிரி தெருத் தெருவாகச் சொல்லிவிட்டார்: “உண்டியல்ல போட்டாலும் கணக்குல ஏறுமில்ல? நாளைக்கு மனு எழுதிப் போட்டுத் தேரைக் கேட்டா?” கூட்டத்துக்கு ரஞ்சிதா போனாள், தலைவர் வந்தார், இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். போதிய ஆள் இல்லை என்று ஒத்தி வைத்தார்கள். அடுத்த தடவையும் அப்படியே.

“அப்ப கொறையறதை ஊர்லயே இன்னொரு சுத்து வாங்கிக் கட்டிருங்க. எங்க காசே வேண்டாம்” என்று ரஞ்சிதா கெஞ்சினாள்.

அதற்கு ஊர் என்ன சொன்னது தெரியுமா? “அவங்க பங்கை நாங்க எதுக்குக் கட்டோணும்?”

வாங்கவும் மாட்டார்கள், விட்டுக் கொடுக்கவும் மாட்டார்கள். “தலைவருங்க, உங்க லாரி டயர் ஒண்ணோட காசுங்க அது” என்று அவள் ஜீவானந்தத்திடமே சொல்லிப் பார்த்தாள். “போடலாம் அம்மணி. காலனிக்குக் காசு கட்டுனவன்னு அடுத்த தேர்தல்ல என்னையப் பேசுவாங்களே” என்றார், அதே சிரித்த முகத்தோடு.

மார்ச் போனது. இரண்டு மெஷினும் வேறு ஊருக்குப் போயின. டாக்டரம்மா தமிழினி அந்தக் கடிதத்தை ரஞ்சிதாவிடம் காட்டும்போது அழுதுவிட்டாள். ரஞ்சிதா அழவில்லை. மறுநாள் விடிவதற்குள் பஸ்ஸுக்குப் போக வேண்டுமே.

உண்டியல் காசு காலனிக்குத் திரும்பி வந்தது. ஊர்க் காசு? அம்மன் படம் போட்டு வாங்கியதாயிற்றே, அம்மனுக்குத்தான் சேர வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதற்குக் கூட்டத்தில் ஆள் குறையவில்லை. பஸ் வருகிற ரோட்டில், கோயிலுக்குப் பெரிய நுழைவு வளைவு ஒன்று எழும்பியது. கலர் கலராக விளக்கு. இரண்டு பக்கமும் சிங்கம்.

ஆடியில் வளைவைத் திறந்தார்கள். அன்றைக்குப் பந்தலும் மேளமும் ரோட்டை அடைத்திருந்ததால் பஸ் ஊருக்குள் வரவில்லை. மெயின் ரோடு வரை கலையரசனால் நடக்க முடியவில்லை. தெரிந்த ஆட்டோ எல்லாம் சாமி ஊர்வலத்தில் நின்றது. முறை தவறியது. மறுநாள் காலையில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கார் பிடித்துத்தான் கிளம்பினார்கள். ஓமலூர் தாண்டவில்லை. அந்த ஒரு நாள் தவறியதுதான் காரணம் என்று டாக்டரம்மாகூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சாயங்காலம் தலைவரும் தீர்த்தகிரியும் காலனி முக்கு வரை வந்து நின்றார்கள். ரஞ்சிதாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தலைவிரி கோலமாக வந்து நின்றாள்.

“நல்ல பையன். என்ற காட்டுல போர் போட்டது அவன்தான். இன்னும் வத்தாம ஓடுது” என்றார் தீர்த்தகிரி. குரல் உண்மையிலேயே கம்மியது. ஒரு கவரை நீட்டினார். “வளைவுக்குப் போக மீதி கொஞ்சம் பொதுவுல இருந்துது. காரியத்துக்கு வெச்சுக்க அம்மணி. கணக்குக்கு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுரு.”

ரஞ்சிதா கவரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“எந்த ரசீதுல போடோணுமுங்க?”

“என்ன?”

“அம்மன் படம் போட்ட ரசீது மிச்சமிருக்குதுங்களா? அதுல எம் பேரை எழுதிக் குடுங்க. வாங்கிக்கறேன்.”

தீர்த்தகிரி தலைவரைப் பார்த்தார். தலைவரின் முகத்தில் சிரிப்பைக் காணோம்.

“எழவு ஊட்டுல என்ன பேச்சு இது?” என்றார் தீர்த்தகிரி.

“இல்லீங்களா? அப்பச் சரிங்க” என்றாள் ரஞ்சிதா. “உங்ககிட்ட வாங்கற வழக்கம் எங்க தெருவுல இல்லீங்க.”

திரும்பி நடந்தாள். வாசலில் கலையரசனைக் குளிப்பாட்டக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அன்றைக்குக் காலையில் ஊற்றி வைத்த சின்ன பாட்டில் அப்படியே இருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, குடத்திலிருந்து செம்பு நிறைய மொண்டாள். அவன் உதட்டைப் பிரித்து ஊற்றினாள். வழிந்து கழுத்தெல்லாம் ஓடியது. இன்னொரு செம்பு மொண்டாள். “போதும் கண்ணு” என்று கந்தன் கையைப் பிடித்தார். அவள் நிறுத்தவில்லை.

வளைவில் விளக்கு இன்றைக்கும் எரிகிறது. பழைய எக்ஸ்ரே அறையில் உடைந்த கட்டில்களைப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். ரஞ்சிதா இன்னும் கவுன்சிலர்தான். கூட்டத்துக்குத் தவறாமல் போகிறாள். ‘ஒருமனதாக’ என்று எழுதிய எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு யார் யார் கொடுத்தார்கள்? எந்தத் தெரு முக்கில் வண்டியைத் திருப்பினார்கள்? திருப்பாமல் நேராகப் போன ஊரும் எங்காவது இருக்கும். நீங்கள் கண்ணால் பார்த்தது எதுவானாலும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். உட்கார்ந்து படிக்கிறேன்.