சுமை இறக்கிய உத்தரம்

1

இதைக் கதையாக எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. பொறியியல் பேராசிரியராக இருந்து துணைவேந்தராக ஓய்வு பெற்ற என் தங்கைக்குப் பல்கலைக்கழகம் பாராட்டு மலர் போடுகிறது. வீட்டுக்கு மூத்தவன் என்று என்னிடம் கட்டுரை கேட்டார்கள். கொடுத்தேன். அச்சுக்குப் போகும் முன் தங்கை அதைப் படித்தாள்.

"நல்லா இருக்குண்ணா. யாரைப் பத்தி எழுதியிருக்கீங்க?"

அதனால்தான் கட்டுரைக்குப் பதில் இந்தக் கதை. கதையில் வருகிறவர் என் தங்கை அல்ல என்று நாளைக்கு யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். (முதல் பத்தியிலேயே தங்கை என்று எழுதிவிட்டேன். போகட்டும்.)

2

ஒரு தொடக்கம்: 'எங்கள் குடும்பத்தில் யாரும் யாருடைய சலுகையிலும் மேலே வந்ததில்லை. அந்த வழியில் வந்த பேராசிரியர்...'

நிறுத்திவிட்டேன். கட்டுரையும் இப்படித்தான் தொடங்கியது.

இன்னொன்று: ஆய்வுக்கூடத்து மூலையில் ஒரு கான்கிரீட் உத்தரம் இருந்தது. பேராசிரியர் அதன் மேல் இரும்புக் கட்டிகளை அடுக்கியிருந்தார். உடைத்துப் பார்க்க அல்ல. பாரம் அப்படியே இருக்கும். உத்தரம் ஆண்டுக்கணக்காகக் கண்ணுக்குத் தெரியாமல் வளையும். அதை அளந்துகொண்டே இருந்தால், பழைய பாலங்கள் எப்படித் தொய்யும் என்று சொல்லலாம். பாரத்தை ஒரு தடவை இறக்கிவிட்டால் முடிந்தது. மறுபடி ஏற்றி, விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது.

ஆய்வுக்கூட உதவியாளர் அந்த உத்தரத்துக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்.

"சும்மா உக்காந்திருப்பாரு, மேல கை வைக்கக் கூடாது, ஆனா தினம் போய் விசாரிக்கணும். வேற என்ன பேர் மேடம் வைக்கிறது?"

3

பேராசிரியர் துணைவேந்தர் ஆனார். (நான் தெருவில் கொஞ்சம் மெதுவாக நடந்த காலம் அது. நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான்.) மாணவர்கள் வராந்தாவில் நின்று பாடம் கேட்டார்கள், இடம் இல்லை. அண்மையில் முடிவு எதுவும் வெளியிடாத ஆய்வறைகளை வகுப்புக்கு விட்டுத்தர வேண்டும் என்று அவர் விதி கொண்டுவந்தார்.* வேதியியல் துறைத் தலைவர் அழாக்குறையாக ஓர் அறையைக் கொடுத்தார். கொடுத்த கையோடு கூட்டத்தில் கேட்டார்:

"மேடம் வீட்டு மாப்பிள்ளைக்கும் இந்த விதி உண்டுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியர் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மாலையே ஆய்வுக்கூடத்துக்குப் போனார்.

"விலக்குக் குடுக்கத்தான் குழு இருக்கே, ஒரு வார்த்தை கேளுங்க மேடம், குடுத்துடுவாங்க" என்றார் உதவியாளர்.

"நான் போட்ட குழுகிட்ட நானே போய் நிக்கிறதா? பாக்க நல்லாவா இருக்கும்?"

"உங்களுக்கு நல்லா இருக்காதுங்கிறீங்க. சரி. மாப்பிள்ளைக்கு?"

பேராசிரியர் முதல் கட்டியைத் தன் கையாலேயே இறக்கினார்.

* நீண்டகாலச் சோதனைகளுக்கு விலக்கு அளிக்க அந்த விதியிலேயே ஒரு குழு இருந்தது. கேட்டவர்களுக்குக் கொடுத்தது. பேராசிரியர் கேட்கவில்லை. இதை அடிக்குறிப்பில் ஏன் வைத்தேன் என்று தங்கை கேட்டாள்.

4

என் முடிவு: 'தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொள்ளாத அந்த நேர்மை...'

தங்கை பேனாவை வாங்கி அடித்துவிட்டாள்.

"நேர்மை இல்லண்ணா, பயம். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். வேற யாரோட சோதனையா இருந்தாலும் நானே சண்டை போட்டுக் காப்பாத்தியிருப்பேன்."

"நம்ம வீட்டுப் பேரு என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"அதை மட்டும்தாண்ணா யோசிச்சேன்."

அவள் கேட்கும் முடிவு: பேராசிரியர் குழுவிடம் கேட்கிறார். விலக்குக் கிடைக்கிறது. உத்தரம் இன்றும் வளைந்துகொண்டிருக்கிறது. சலுகை வாங்கிக்கொண்டார் என்று ஊரில் நாலு பேர் பேசுகிறார்கள். அந்த நாலு பேரில் முதல் ஆளாக நான்

(இந்த வாக்கியத்தை முடிக்கப் பலமுறை உட்கார்ந்தேன்.)

5

பாரத்தை எடுத்ததும் உத்தரம் கொஞ்சம் நிமிருமாம். பிறகு இன்னும் கொஞ்சம். மீதி வளைவு அப்படியே நின்றுவிடுமாம். தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கழித்துப் போட்ட அந்த உத்தரத்தை அவள் ஆள் வைத்துத் தூக்கிவந்து, கொல்லையில் இரண்டு கல்லின் மேல் பெஞ்சாகப் போட்டிருக்கிறாள். எனக்குப் பார்க்க நேராகத்தான் தெரிந்தது. நேற்று மழை விட்டதும் பார்த்தேன்: இரண்டு முனையும் காய்ந்துவிட்டன, நடுவில் மட்டும் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது.

அவள் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு ஒரு பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தாள்.

"உக்காருங்கண்ணா."

அச்சகத்தில் காத்திருக்கிறார்கள். இரண்டு முடிவும் என் கையில் இருக்கின்றன. எதைக் கொடுப்பதென்று படிக்கிற நீங்களே சொல்லுங்கள். நான் இன்னும் உட்காரவில்லை.